டெக்சாஸ் கிராமக் கவுன்டியில் குடித்து ஓட்டிய வழக்கு: ஜெயில் வாசல் முதல் தீர்ப்பு நகல் வரை

ஜெயிலிலிருந்து வெளியே விடும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுப்பார்கள். பர்ஸ், பெல்ட், சார்ஜ் தீர்ந்த செல்போன், கூடவே மடித்த சில தாள்கள். எல்லோரும் முதலில் தேடுவது போனைத்தான். தாள்கள் பையோடு அலமாரிக்குப் போய்விடும். அவற்றில் ஒன்றின் மூலையில் 'டிஐசி-25' என்று அச்சிட்டிருக்கும். லைசென்ஸை முடக்கப்போகிறோம் என்ற நோட்டீஸ் அது. அதில் சொன்ன 15 நாள் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

நான் வக்கீல் இல்லை. இப்படி மாட்டிக்கொண்ட நண்பர்களுக்கு வண்டி ஓட்டியும், ஃபார்ம் நிரப்பியும், கோர்ட் வராந்தாவில் கூட உட்கார்ந்தும் பழகியவன். டெக்சாஸ் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு 'டிடபிள்யூஐ' என்று பெயர். இங்கே சொல்வது முதல் முறை மாட்டியவருக்கு, யாருக்கும் அடிபடாத வழக்குக்கு. விபத்தில் ஒருவர் கடுமையாகக் காயப்பட்டிருந்தாலோ, காரில் 15 வயதுக்குக் கீழே குழந்தை இருந்திருந்தாலோ அது பெரிய குற்றமாகிவிடும். அதற்கு இந்தக் கட்டுரை போதாது.

நகரம் வேறு, கவுன்டி வேறு

டெக்சாஸில் 254 கவுன்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் பல லட்சம் பேர். மேற்கே லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், நடைமுறை ஒன்றல்ல.

நம் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான். ஃபிரெடெரிக்ஸ்பர்க் பக்கம் ஒயின் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஏரிக்கரையில் பார்பிக்யூ முடிந்து கிளம்பும்போது, டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவே ஐ-45 நெடுஞ்சாலையில். ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே ஊபர் கிடைக்காது, பஸ் கிடையாது. இருட்டு ரோட்டில் ஒரே ஒரு கார் போனால் ஸ்டேட் ட்ரூப்பரின், அதாவது மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்காரரின், கண் அதன் மேல்தான். டெக்சாஸில் எல்லோரையும் மறித்து ஊதச் சொல்லும் செக்போஸ்ட் முறை கிடையாது என்பதால், உங்களை நிறுத்த அவருக்கு ஒரு காரணம் வேண்டும். இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

சின்னக் கவுன்டியில் இந்த வழக்கை 'கவுன்டி ஜட்ஜ்' விசாரிக்கலாம். அவர் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கவுன்டி பட்ஜெட் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். அரசுத் தரப்பில் நிற்பவர் கவுன்டி அட்டர்னி, அவரும் தேர்தலில் வென்றவர். ஷெரீப்பும் அப்படியே. ஜூரி ஆறு பேர். அதில் இரண்டு பேருக்காவது ட்ரூப்பரை சர்ச்சிலோ பள்ளிக்கூட ஃபுட்பால் மேட்சிலோ பார்த்த பழக்கம் இருக்கும். இதைப் பார்த்து மிரள வேண்டாம். வழக்குகள் குறைவு என்பதால் கவுன்டி அட்டர்னி உங்கள் ஃபைலை உண்மையிலேயே படிப்பார், போனில் கிடைப்பார். நகரத்தில் இது நடக்காது.

முதல் நாள்

கைதான பிறகு உங்களை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி, குற்றம் என்னவென்று சொல்லி, ஜாமீன் தொகையைக் குறிப்பார்கள். கிராமத்தில் அது பெரும்பாலும் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்ற உள்ளூர் நீதிபதி. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால் வழக்கு முடிந்ததும் திரும்பும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பெயில் பாண்ட்ஸ்மேனிடம் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம் கேட்பார், அது திரும்பாது. கையில் பணம் இருந்தால் கட்டிவிடுங்கள்.

ஜெயில் போனில் பேசுவது பதிவாகும். ஒரு பையன் அண்ணனுக்குப் போன் செய்து, "அண்ணா, மூணு பெக்தான்ணா போட்டேன், சத்தியமா" என்றான். தமிழில்தானே பேசுகிறோம் என்ற தைரியம். மொழிபெயர்ப்பாளர் தமிழுக்கும் கிடைப்பார். எந்த ஜெயில், ஜாமீன் எவ்வளவு, யார் வருகிறீர்கள் என்பதற்கு மேல் போனில் ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்ததும் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முதல் கிளாஸ், எத்தனை மணிக்குக் கடைசி, எந்த ரோடு, ட்ரூப்பர் எவ்வளவு நேரம் பின்னால் வந்தார், ஷூவா செருப்பா, முழங்கால் வலி உண்டா, மாத்திரை ஏதாவது போட்டிருந்தீர்களா. மேலே 'என் வக்கீலுக்கு' என்று எழுதிவிட்டு, வேறு யாருக்கும் காட்டாமல் வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் "நேத்து ராத்திரி என்ன நடந்தது தெரியுமா" என்று ஆரம்பிக்க வேண்டாம்.

அந்தப் 15 நாள்

குற்ற வழக்கு ஒன்று, லைசென்ஸ் வழக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனித் தண்டவாளம். லைசென்ஸ் விஷயம் கோர்ட்டுக்கே போகாது; பொதுப் பாதுகாப்புத் துறை அதைப் பார்க்கிறது. ஊதியதிலோ ரத்தத்திலோ ஆல்கஹால் அளவு 0.08 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் 90 நாள், ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுத்திருந்தால் 180 நாள் முடக்கம். நோட்டீஸ் கையில் வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் விசாரணை வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 40 நாள் தாண்டியதும் முடக்கம் தானாக அமலுக்கு வரும். கேட்டால், அந்த விசாரணை முடிவு வரும் வரை ஓட்டலாம்.

லைசென்ஸ் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த விசாரணையைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. காரணம் இது: சம்மன் அனுப்பி ட்ரூப்பரை வரவழைத்து, சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்க உங்கள் வக்கீலுக்கு இங்கே வாய்ப்பு கிடைக்கிறது. ஏன் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில் கோடு தாண்டினார், எத்தனை முறை? அவர் சொல்லும் ஒவ்வொரு பதிலும் எழுத்தில் பதிவாகும். எட்டு மாதம் கழித்துக் கோர்ட்டில் வேறு மாதிரி சொன்னால் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம். சம்மன் கேட்காவிட்டால் ட்ரூப்பர் வர மாட்டார், அவருடைய ரிப்போர்ட் மட்டும் பேசும்.

ரத்தம் எடுத்த வழக்குகளில் நோட்டீஸ் லேப் முடிவுக்குப் பிறகு தபாலில் வருவதும் உண்டு. லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் கடிதம் அங்கேதான் போகும். இன்றைக்கே முகவரியை மாற்றுங்கள்.

அப்படியும் முடங்கிவிட்டால், வேலைக்குப் போகவும் அத்தியாவசியத் தேவைக்கும் மட்டும் ஓட்ட 'ஆக்குபேஷனல் லைசென்ஸ்' கேட்டுக் கோர்ட்டில் மனு போடலாம். அதற்கு 'எஸ்ஆர்-22' என்ற இன்ஷூரன்ஸ் சான்று வேண்டும்.

வக்கீல்

டாலஸிலிருந்து பெரிய பெயர் கொண்ட வக்கீலைக் கூட்டிப் போவதா, கோர்ட் எதிரே ஓட்டுக் கட்டடத்தில் போர்டு மாட்டியிருக்கும் உள்ளூர்க்காரரா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உள்ளூர்க்காரருக்குக் கவுன்டி அட்டர்னியின் போக்கு தெரியும், எந்த ஜட்ஜ் எதற்கு இரங்குவார் என்று தெரியும். ஆனால் அவர் வாரத்தில் நாலு நாள் நிலப் பத்திரமும் விவாகரத்தும் பார்ப்பவராக இருந்தால், ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் வரைபடத்தை அவருக்குப் படிக்கத் தெரியுமா? நான் பார்த்தவரை நன்றாக அமைந்தது, பக்கத்து நடுத்தர ஊரில் இருந்து நாலைந்து கவுன்டிகளுக்குத் தொடர்ந்து போய்வரும் டிடபிள்யூஐ வக்கீல். அவரிடம் கேட்க வேண்டியவை: இந்தக் கவுன்டியில் கடைசியாக எப்போது ஜூரி முன் வாதாடினீர்கள்? லைசென்ஸ் விசாரணைக்கும் சேர்த்தா இந்தக் கட்டணம்? ஜூரி விசாரணை என்றால் கூடுதலா?

வசதி இல்லையென்றால் கோர்ட்டே வக்கீல் வைத்துத் தர வேண்டும். ஜெயில் தண்டனை வரக்கூடிய வழக்கு இது. வேலை இல்லாத மாணவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். சாஃப்ட்வேர் மீட்டிங்கில் பேசும் ஆங்கிலம் போதும் என்று நினைத்துத் தலையாட்டியவர்கள், எதற்குத் தலையாட்டினோம் என்று பிறகு கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தியது செல்லுமா

இந்த வழக்கில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் இடம் இதுதான். டெக்சாஸில் சட்டத்தை மீறி எடுத்த சாட்சியத்தைக் கோர்ட் ஏற்கக் கூடாது. நிறுத்தியதே தவறு என்றால் அதன் பிறகு வந்த வாசனை, தள்ளாட்டம், ரத்தம் எல்லாம் அதோடு போகும்.

வழக்கமாக ரிப்போர்ட்டில் இருக்கும் காரணம், "லேனுக்குள் நேராக ஓட்டவில்லை." இதை வைத்து மட்டும் நிறுத்தலாமா? 2022இல் ஹார்டின் என்பவரின் வழக்கில் டெக்சாஸின் உச்சக் குற்றவியல் நீதிமன்றம், லேன் கோட்டைத் தாண்டினால் மட்டும் அந்தப் பிரிவில் குற்றம் ஆகாது, அந்த நகர்வு ஆபத்தானதாகவும் இருக்க வேண்டும் என்றது. நடுராத்திரி, முன்னும் பின்னும் வண்டியே இல்லாத கிராமச் சாலையில் யாருக்கு ஆபத்து? வீடியோவில் காலி ரோடு தெரிந்தால் அது உங்களுக்குச் சாட்சி.

இன்னொன்று வலது ஓரத்து வெள்ளைக் கோடு. ட்ரூப்பர் வேகமாகப் பின்னால் ஒட்டி வருகிறார். ஹெட்லைட் கண்ணாடியில் அடிக்கிறது. வழிவிடலாமே என்று நீங்கள் வேகம் குறைத்து ஓரத்துக்கு ஒதுங்குகிறீர்கள். டயர் கோட்டைத் தொடுகிறது. உடனே சிவப்பு நீல விளக்கு. பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட ஓரத் தளத்தில் ஓட்டலாம் என்று டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. 2018இல் கோர்டெஸ் வழக்கில் ஏறக்குறைய இப்படி நடந்ததற்கு, நிறுத்தியது செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் இந்த இரண்டு தீர்ப்பையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். சட்டம் படிக்காத கவுன்டி ஜட்ஜ் முன் மனு போடும்போது தீர்ப்பின் நகலைக் கையில் கொடுத்து, சம்பந்தப்பட்ட வரியில் கோடு போட்டுக் காட்டுவது நல்லது.

வேகம் அதிகம், டெயில்லைட் எரியவில்லை என்றால் நிறுத்தியது செல்லும். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

வீடியோவை வாங்குங்கள்

டிடபிள்யூஐ சந்தேகத்தில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த வீடியோ நகலைக் கேட்டுப் பெறும் உரிமை டெக்சாஸ் சட்டத்தில் உண்டு. காரின் கேமரா, சட்டைக் கேமரா, ஜெயிலின் உள் கேமரா, ரேடியோ அழைப்பின் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் முதல் வாரமே கடிதம் போட வேண்டும். நீங்கள் கடைசியாக நின்ற பெட்ரோல் பங்க் கேமரா இன்னும் அவசரம், அவர்கள் சில நாளில் மேலேயே பதிந்துவிடுவார்கள். நேராக நடந்து போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுத்தது அதில் இருந்தால் பத்து சாட்சிக்குச் சமம்.

ரோட்டோரப் பரீட்சை

மூன்று பரீட்சை. கண் முன்னே பேனாவை நகர்த்தி விழி துடிக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. குதிகாலை விரலோடு ஒட்டி ஒன்பது காலடி நடந்து, திரும்பி, ஒன்பது காலடி வருவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு காலைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி 30 விநாடி நிற்பது. நடப்பதில் எட்டுக் குறைகளில் இரண்டு இருந்தாலே தோல்வி. சொல்லி முடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்தால் அது ஒரு குறை. கையை ஆறு அங்குலத்துக்கு மேல் விரித்தால் இன்னொன்று. அவ்வளவுதான், முடிந்தது. வெறும் வயிற்றில், தூக்கக் கலக்கத்தில், பயத்தில் யார் இதில் தேறுவார்கள் என்று ஒருமுறை உங்கள் வீட்டு ஹாலில் செய்து பாருங்கள்.

பயிற்சிக் கையேட்டின்படி தரை காய்ந்து, கெட்டியாக, சமமாக, வழுக்காமல் இருக்க வேண்டும். கிராமச் சாலையின் ஓரம் சரளைக்கல், வடிகாலுக்காகச் சரிவு. 18 சக்கர லாரி போனால் காற்று தள்ளும். பகலில் அந்த இடத்துக்குப் போய், பந்து ஒன்றை வைத்து உருள்வதைப் படம் எடுங்கள். 65 வயதைத் தாண்டியவர், முதுகு, முழங்கால், காதுச் சமநிலைக் கோளாறு உள்ளவர் என்றால் மருத்துவரின் பழைய சீட்டுகளைத் திரட்டுங்கள்.

நமக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. "புரிந்ததா?" என்று கேட்டால் நாம் தலையை இடம் வலமாக ஆட்டுவோம். வீடியோவில் அது தள்ளாட்டம் போலவும், "இல்லை" என்பது போலவும் தெரியும். வக்கீலிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

"எவ்வளவு குடித்தீர்கள்?" என்று சாலையில் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் பெரும்பாலும் செல்லும். சாதாரணமாக வண்டியை நிறுத்தி விசாரிப்பது காவலில் எடுத்ததாகாது, அங்கே பேசாமல் இருக்கும் உரிமையைப் படித்துக் காட்டும் 'மிராண்டா எச்சரிக்கை' தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. "உரிமையைப் படித்துக் காட்டவில்லை, வழக்கு போச்சு" என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

மூச்சும் ரத்தமும்

டெக்சாஸில் போதை என்பதற்கு இரண்டு அர்த்தம்: அளவு 0.08 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் உடலோ மனமோ வழக்கமான கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது. 0.06 வந்தாலும் வழக்கு நிற்கலாம். 0.15ஐத் தொட்டால் குற்றம் ஒரு படி ஏறும்.

மூச்சுப் பரிசோதனைக்கு முன் 15 நிமிடம் இயந்திரத்தை இயக்குபவர் உங்கள் அருகிலேயே இருந்திருக்க வேண்டும். ஏப்பம், வாந்தி வந்தால் வாயில் உள்ள ஆல்கஹால் கணக்கைக் கெடுக்கும். ஒரே ஆள் பேப்பரும் நிரப்பி, காரையும் அனுப்பி, இயந்திரத்தையும் தயார் செய்யும் சின்னக் காவல் நிலையத்தில் அந்த 15 நிமிடம் உண்மையிலேயே நடந்ததா? ஜெயில் வீடியோவின் நேரத்தை வைத்துப் பாருங்கள்.

மறுத்தால் ரத்தத்துக்கு வாரண்ட் எடுப்பார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் குறைந்துகொண்டே போகிறது என்ற காரணம் மட்டும் வாரண்ட் இல்லாமல் எடுக்கப் போதாது என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2013 மக்நீலி தீர்ப்பு. வாரண்டின் மனு பெரும்பாலும் அச்சடித்த படிவம், கட்டங்களில் டிக் போட்டது. தேதி, நேரம், பெயர், கையெழுத்து நான்கையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் பெயர்களில் தகப்பனார் பெயரும் இனிஷியலும் படும் பாடு தெரியும்தானே. பிழை இருந்தால் குறித்துவையுங்கள், ஆனால் எழுத்துப்பிழை ஒன்றே வழக்கைக் கவிழ்க்காது.

ஆஸ்பத்திரி நாற்பது மைல் தள்ளி இருந்தால், நிறுத்தியதற்கும் ஊசி போட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். குடித்தது அப்போதுதான் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தால், ஓட்டும்போது அளவு குறைவாக இருந்திருக்கலாம். ரத்தம் எடுத்த குழாயில் கெடாமல் காக்கும் ரசாயனம் சரியாக இருந்ததா, லேப் போகும்வரை எங்கே வைத்தார்கள், யார் கைமாற்றினார்கள் என்ற பதிவேட்டை வக்கீல் கேட்டு வாங்க வேண்டும். மிச்ச ரத்தத்தைத் தனி லேபில் மறுபரிசோதனை செய்யலாம். அது அதிகமாக வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

பேரம்

வாய்தா மேல் வாய்தா வரும், ஆறு மாதம் சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு நேரத்துக்குப் போங்கள். கிளர்க்கிடம் மரியாதையாக 'மேடம்' போட்டுப் பேசுங்கள். அந்த ஊரில் மரியாதை நினைவில் நிற்கும்.

முதல் குற்றத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம், அதிகம் 180 நாள் ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். பெரும்பாலும் ஜெயிலுக்குப் பதில் கண்காணிப்புக் காலம் தருவார்கள். தண்டனை உறுதியானால் அதன் மேல் மாநில அபராதம் 3,000 டாலர் தனி, 0.15 அல்லது அதற்கு மேல் என்றால் 6,000. இந்தத் தனி அபராதத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சாட்சியத்தில் ஓட்டை இருந்தால் கவுன்டி அட்டர்னி 'சாலையை மறித்தல்' என்ற வேறு குற்றமாக மாற்ற ஒத்துக்கொள்வதுண்டு. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அது டிடபிள்யூஐ அல்ல. இன்னொன்று, 2019 செப்டம்பர் முதல் 0.15க்குக் கீழே உள்ள முதல் வழக்கில் தீர்ப்பைத் தள்ளிவைக்கும் முறை கிடைக்கிறது: ஒப்புக்கொண்டு, கண்காணிப்பை ஒழுங்காக முடித்தால் தண்டனை பதிவாகாது. அமெரிக்கக் குடிமகனுக்கு நல்ல பேரம்.

விசாவில் இருப்பவருக்கு அங்கேதான் பொறி. குடியேற்றச் சட்டம், ஒப்புக்கொண்டு ஏதோ ஒரு கட்டுப்பாட்டை ஏற்றாலே அதைத் தண்டனையாகக் கணக்கிடும். ஒரு சாதாரண முதல் டிடபிள்யூஐக்காக மட்டும் பொதுவாக நாடு கடத்த மாட்டார்கள். ஆனால் கைதான செய்தி கைரேகை வழியாக மத்திய அரசுக்குப் போய்விடும். அதை வைத்தே, தீர்ப்புக்குக் காத்திராமல், தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். ஈமெயில் வந்ததும் பெட்டி கட்ட வேண்டாம். ஹெச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) அந்தஸ்தோடு உள்ளே இருப்பவரின் தங்கும் உரிமை விசா முத்திரை ரத்தானதால் மட்டும் எப்போதும் போய்விடுவதில்லை, குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். ஊருக்குப் போனால்தான் சிக்கல்: புது விசா கேட்க வேண்டும், சென்னையில் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் குடிப்பழக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், வாரக்கணக்கில் இழுக்கும். தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தாலும் முதலில் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். ஒப்புக்கொள்வதன் குடியேற்ற விளைவைச் சொல்ல வேண்டியது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துப் போடும் முன் இரண்டு வக்கீலையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்துவிடுங்கள்.

கடைசித் தாள்

விடுதலை ஆனாலோ தள்ளுபடி ஆனாலோ, பதிவையே அழிக்க மனு போடலாம். ஆனால் அழிப்பதற்கு முன் முத்திரை போட்ட தீர்ப்பு நகல் நாலைந்து வாங்கி வையுங்கள். விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதானதுண்டா" என்று கேட்பார்கள். தள்ளுபடி ஆன வழக்குக்கும் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். பக்கத்திலேயே இந்த நகலை வைக்க வேண்டும். பதிவை அழித்த பிறகு கவுன்டி கிளர்க்கிடம் போய்க் கேட்டால் அப்படி ஒரு வழக்கே இல்லை என்பார், அதுதான் அவர் வேலை.

கிளர்க் அலுவலகத்தைப் பல கவுன்டிகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். மூன்று மணி நேரம் ஓட்டிப் போகிறீர்கள் என்றால் காலையிலேயே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.